மாஹோலும் குரவையும்: வழிபாட்டு வட்ட ஆடலும் தமிழ்க் கிறித்தவ இலக்கிய மரபும்

ஆய்வுச் சுருக்கம்

எபிரேய வட்ட ஆடல்களை வழிபாட்டிற்கெனக் கற்கும் வழக்கம் கடந்த சில பத்தாண்டுகளில் உலகின் பல கிறித்தவச் சபைகளில் பரவியுள்ளது. விவிலியத்தின் தொன்மையான ஆடலையே மீட்டெடுப்பதாக இவ்வழக்கம் தன்னைக் கூறிக்கொள்கிறது. அக்கூற்றை எபிரேயச் சொற்சான்று, தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு, சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவை ஆகியவற்றோடு வைத்து இக்கட்டுரை மதிப்பிடுகிறது. மகளிர் வட்ட ஆடலின் பாட்டைத் தமிழ்க் கிறித்தவம் ஏற்றுக்கொண்டது. வட்டத்தை வாயிலுக்கு வெளியே நிறுத்தியது என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: மாஹோல், குரவை, கும்மி, தமிழ் விவிலியம், ஆய்ச்சியர் குரவை, வீரமாமுனிவர், வேதநாயக சாஸ்திரியார்

முன்னுரை

கடலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றங்கரைத் திட்டக்குடியையும் பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற விருத்தாசலத்தையும் உள்ளடக்கிய வட்டாரம், தமிழ்க் கிறித்தவ இலக்கிய வரலாற்றில் தனி இடம் உடையது. விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் (1680–1747) எழுப்பிய மாதா கோயில் இன்றும் பெருந்திருத்தலமாக விளங்குகிறது. அங்குள்ள அன்னைக்கு அவர் இட்ட பெயர் பெரியநாயகி. அது விருத்தாசலம் சிவன் கோயிலில் உறையும் அம்மனின் பெயர். ஊரார் நாவில் ஏற்கெனவே இருந்த பெயரைப் புதிய வழிபாட்டிற்கு எடுத்துக்கொண்ட துணிவு அது. அன்னையின் உருவத்திற்குத் தமிழ்ப் பெண்ணின் கோலம் தரப்பட்டதும் அத்துணிவின் பகுதியே.

பெயரும் கோலமும் எடுத்துக்கொள்ளப்பட்ட இடத்தில் ஆடல் என்ன ஆயிற்று என்னும் வினா இதுவரை போதிய அளவு கேட்கப்படவில்லை. அம்மன் கோயில்களின் ஆடித் திருவிழாவிலும் பொங்கலை ஒட்டிய நாள்களிலும் பெண்கள் வட்டமாக நின்று கும்மியடிக்கும் நாட்டில், கிறித்தவ வழிபாட்டிற்குள் அவ்வட்டம் நுழைந்ததற்கான தடயம் மிகக் குறைவு. இன்று வட்ட ஆடல் வழிபாட்டிற்குத் திரும்பும்போது அது எபிரேயப் பெயரோடும் பயிற்சிப் பட்டறையோடும் காணொளியோடும் வருகிறது. கும்மியின் நாட்டில் வட்டமாக ஆடுவதைக் கற்க எருசலேமின் பெயர் ஏன் தேவைப்படுகிறது? இதனை அயல்மோகம் என்று தள்ளிவிடுவது எளிது. ஆயினும் விடை அவ்வளவு எளிதன்று.

மாஹோல் என்னும் சொல்

எபிரேய விவிலியத்தில் ஆடலைக் குறிக்கும் சொற்கள் பல. அவற்றுள் வட்ட ஆடலோடு இணைத்துப் பேசப்படுவது மாஹோல். பெண்பால் வடிவம் மெஹோலா, பன்மை மெஹோலோத். சுழலுதல், முறுகுதல் என்னும் பொருளுடைய ஹூல் என்னும் வேரிலிருந்து இது பிறந்ததாகக் கொள்வர். பிரசவ வேதனையில் உடல் முறுகுவதையும் இவ்வேர் குறிக்கும். வட்டம் என்னும் பொருள் வேரிலிருந்து உய்த்துணரப்படுவதே. ஆடுவோர் எவ்வாறு நின்றனர், எந்தக் காலை முதலில் எடுத்துவைத்தனர் என்று எந்தப் பகுதியும் வருணிப்பதில்லை. செங்கடலைக் கடந்தபின் மிரியாமின் பின்னே பெண்கள் புறப்பட்டுச் செல்லும் காட்சி (யாத்திராகமம் 15:20) வட்டத்தைவிட ஊர்வலத்திற்கே நெருக்கமானது. பழைய உரையாளர் சிலர் சங்கீதம் 150இல் வரும் மாஹோலைக் குழலிசைக் கருவி என்றுகூடக் கொண்டனர்.

சொல்லாட்சியைத் தொகுத்து நோக்கினால் இரண்டு செய்திகள் தெளிவாகும். முதலாவது, கதைப் பகுதிகளில் மெஹோலோத் பெரிதும் பெண்களின் ஆடல். மிரியாமும் உடனிருந்த பெண்களும், வெற்றியோடு வரும் தந்தையை எதிர்கொள்ளும் யெப்தாவின் மகள் (நியாயாதிபதிகள் 11:34), சீலோவின் திராட்சைத் தோட்டங்களருகே ஆடவரும் இளம்பெண்கள் (21:21), சவுலையும் தாவீதையும் எதிர்கொள்ளும் நகரத்துப் பெண்கள் (1 சாமுவேல் 18:6) எனச் சான்றுகள் தொடர்கின்றன. இவற்றுட் பலவற்றில் தோப் என்னும் சட்டப்பறை உடன்வருகிறது. இரும்புக் காலப் பாலத்தீனத்து அகழாய்வுகளில் கிடைத்த, பறையேந்திய பெண்களின் சுடுமண் பாவைகளை இவ்விவிலியப் பகுதிகளோடு இணைத்து, பறை, பாட்டு, ஆடல் மூன்றும் சேர்ந்த ஒரு மகளிர் கலைமரபு இருந்ததெனக் கரோல் மேயர்ஸ் நிறுவியுள்ளார். உடன்படிக்கைப் பெட்டியின் முன் தாவீது ஆடியதைக் கூறுமிடத்தில் (2 சாமுவேல் 6) மாஹோல் வருவதே இல்லை. அங்கு வரும் வினைகள் தனியொருவன் சுழன்று துள்ளுவதைக் குறிப்பன. ஆகவே, வட்டமாக ஆடும் இக்கால வழிபாட்டு ஆடலைத் ‘தாவீதின் ஆடல்’ என்று வழங்குவது பெயரளவிலேயே பிழைபடுகிறது. அதற்கு உரியவள் மிரியாம். அரசன் பெயரோ எளிதில் ஒட்டிக்கொண்டது.

இரண்டாவது செய்தி இதனினும் முக்கியமானது. சீனாய் மலையிலிருந்து இறங்கிய மோசே கண்ட பொற்கன்றின் முன்னான ஆடலுக்கும் (யாத்திராகமம் 32:19) விவிலியம் இதே சொல்லைத்தான் ஆள்கிறது. கடவுளைப் போற்றிய ஆடலுக்கும் சிலைமுன் ஆடிய ஆடலுக்கும் வெவ்வேறு பெயர்களை எபிரேயம் தரவில்லை. ஒரே மக்கள், சில மாத இடைவெளியில், ஒரே வகை ஆடலை இருவேறு இலக்குகளை நோக்கி ஆடினர். மாரியம்மன் முன் ஆடப்படுவது என்பதாலேயே கும்மி வழிபாட்டிற்கு ஆகாது என்போர் இவ்விடத்தைக் கருத்தூன்றிப் படிக்க வேண்டும்.

எபிரேய ஆடல் எனக் கற்பிக்கப்படுவது

இன்று எபிரேய ஆடல் என்னும் பெயரில் கற்பிக்கப்படும் அடவுகளின் வரலாறு 20ஆம் நூற்றாண்டிற்கு உரியது. தோள்மேல் கையிட்டு வட்டமாகச் சுழலும் ஹோரா, ருமேனியா உள்ளிட்ட தென்கிழக்கு ஐரோப்பாவின் நாட்டார் ஆடல். குடியேறியோருடன் பாலத்தீனம் வந்து, 1924இல் பாரூக் அகதாதி மேடைக்கென அமைத்த ஆடலின் வழியாகப் புதிய அடையாளம் பெற்றது. நீர் என்னும் பொருளுடைய ‘மாயிம்’ ஆடல், நாஆன் என்னும் கூட்டுப் பண்ணையில் நீர் கிடைத்ததைக் கொண்டாட 1937இல் எல்ஸ் டப்லோன் அமைத்தது. அதன் பாட்டுச் சொற்கள் ஏசாயா 12ஆம் அதிகாரத்திலிருந்து வந்தவை. அடவுகளோ அவ்வாண்டில் பிறந்தவை. கூரித் காத்மன் 1944இல் தாலியா என்னும் பண்ணைக் குடியிருப்பில் ஒருங்கிணைத்த ஆடல் விழா இவ்வியக்கத்திற்கு வடிவம் தந்தது. யேமன் யூதரின் அடவு, அரபு மக்களின் தப்கே, கிழக்கு ஐரோப்பிய ஹசிதியரின் பரவசச் சுழற்சி அனைத்தும் இதில் கலந்தன. ஆக்கியோன் பெயரும் ஆண்டும் தெரிந்த ‘நாட்டார்’ ஆடல் என்னும் முரண் இதற்கே சிறப்பாக உரியது.

பழமையான வட்டம் யூத வழிபாட்டில் இல்லாமல் இல்லை. சிம்ஹாத் தோரா நாளில் தோராச் சுருள்களை ஏந்தி ஏழுமுறை வலம்வருதல் அத்தகையது. ஆயினும் பட்டறைகளில் கற்பிக்கப்படுவது பெரிதும் அதுவன்று. 1970, 80களில் மெசியானிய யூதச் சபைகளில் இஸ்ரவேல் நாட்டார் ஆடலின் அடவுகளைக் கொண்டு வழிபாட்டு ஆடல்கள் அமைக்கப்பட்டன. அங்கிருந்து அவை பிற கிறித்தவச் சபைகளுக்குச் சென்றன. ஒவ்வொரு பாட்டிற்கும் நிலைத்த அடவு வரிசை உண்டு. அதனை அறிந்த ஆசிரியர் வேண்டும். அறியாதவர் வட்டத்திற்குள் நுழைந்தால் தடுமாறுவர்.

இவ்வாடல்கள் புதியவை என்பதால் வழிபாட்டிற்குத் தகாதவை ஆகிவிடமாட்டா. எல்லா வழிபாட்டு வடிவமும் ஒருகாலத்தில் புதியதே. தொன்மை என்று கூறி அதிகாரம் பெறுவதுதான் இடர். மூவாயிரம் ஆண்டுப் பழமை என்று நம்பிக் கற்பவர், தம் பாட்டி அடித்த கும்மியைப் பிற்பட்டதாகக் கருதும் நிலை அதனால் உண்டாகிறது. அடவு வரிசையின் வயதை நோக்கினால், அந்தப் பாட்டியின் கும்மி ‘மாயிம்’ ஆடலுக்கு மூத்ததாகவே இருக்கக்கூடும்.

மொழிபெயர்ப்பில் மறைந்த வட்டம்

தமிழ் வாசகர் மாஹோலை எவ்வாறு சந்தித்தார் என்பது அடுத்த வினா. ஹென்றி பவர் தலைமையில் 1871இல் நிறைவுற்ற திருப்புதலே சீர்திருத்தச் சபைகளில் இன்றளவும் செல்வாக்குடையது. அதில் மிரியாமின் ஆடல், யெப்தா மகளின் ஆடல், சீலோ மகளிர் ஆடல், பொற்கன்றின் முன் நிகழ்ந்த ஆடல், சங்கீதம் 150இன் ஆடல் ஆகிய அனைத்தும் ‘நடனம்’ என்னும் ஒரே வடசொல்லால் தரப்படுகின்றன. தாவீதின் தனித்துள்ளலும் நடனமே. எபிரேயத்தில் வேறுவேறாக நின்ற சொற்கள் தமிழில் ஒன்றாயின. சங்கீதம் 30இல் புலம்பல் மாஹோலாக மாறும் இடத்தில் மொழிபெயர்ப்பாளர் ‘ஆனந்தக்களிப்பு’ என்றனர். அங்கு உடல் அசைவே போய்விட்டது, உணர்ச்சி மட்டும் எஞ்சியது. சவுலை எதிர்கொண்ட பெண்களுக்கு மட்டும் ‘ஆடல்பாடல்’ கிடைத்தது. தொகுப்பிலேயே உயிர்ப்பான சொல் அதுதான்.

நடனம் என்னும் சொல் 19ஆம் நூற்றாண்டுத் தமிழரிடம் தூண்டிய காட்சி எது? சபையிலோ கோயிலிலோ பயின்ற ஒருத்தி ஆட, பிறர் அமர்ந்து காணும் காட்சி. அச்சொல்லில் ஆடுவோர், காண்போர் என்னும் பிரிவு உள்ளார்ந்து நிற்கிறது. மாஹோலிலோ அப்பிரிவு தெளிவாக இல்லை. மிரியாமின் பின்னே சென்றவர்கள் பெண்கள் அனைவரும் என்றே மூலம் கூறுகிறது. தேவதாசியர் ஆடலைப் பழித்த மிஷனெரிச் சூழலில் நடனம் என்னும் சொல் ஐயத்துக்குரியதாகவும் இருந்தது. விவிலியத்திலேயே அச்சொல் நின்றும் வழிபாட்டில் யாரும் ஆடாமைக்கு இது ஒரு காரணமாகலாம்.

தோப் என்னும் பறைக்கு அம்மொழிபெயர்ப்பு தந்தது ‘தம்புரு’. ஐரோப்பியரின் பறைப் பெயரை ஒட்டி வந்த வழக்காயினும், இன்று படிக்கும் தமிழருக்கு அச்சொல் சுருதிக்கு மீட்டும் நரம்பிசைக் கருவியையே நினைவூட்டுகிறது. அமர்ந்து மீட்டும் கருவியைக் கையிலேந்திப் பெண்கள் எவ்வாறு ஆடிக்கொண்டு சென்றனர் என்று ஞாயிறுப் பள்ளிச் சிறுவர் வியந்தால் குற்றமில்லை. 1995ஆம் ஆண்டின் திருவிவிலியம் சங்கீதம் 150இல் மத்தளத்தைக் கொண்டுவந்து இக்குறையைப் போக்கியது. ஆனால் அங்கும் ஆடல் நடனமாகவே தொடர்கிறது. பறை என்னும் சொல் இருக்க அது ஏன் கொள்ளப்படவில்லை என்பது இசையைவிடச் சாதியோடு தொடர்புடைய வினா.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். எபிரேயத் தோப்பையும் தமிழ்த் தப்பையும் ஒலிகொண்டு உறவாக்கிவிடும் ஆர்வம் ஆய்வரங்குகளில் அவ்வப்போது தலைகாட்டுகிறது. மயிலின் எபிரேயப் பெயரைத் தோகையோடு இணைப்பதற்கு வணிக வரலாற்றுத் துணையேனும் உண்டு. தோப்–தப்பு இணைப்பிற்கு ஒலியொப்புமை தவிர வேறு துணையில்லை. மாஹோலையும் குரவையையும் ஒப்பிடுவது உறவு கற்பிக்க அன்று. ஒன்றின் ஒளியில் மற்றொன்றைப் படிக்கவே.

மாதரியின் வட்டம்

குரவை என்பது கைகோத்து ஆடும் கூத்து. எழுவரோ எண்மரோ ஒன்பதின்மரோ கைபிணைந்து ஆடுவது எனச் சிலப்பதிகார உரைமரபு அதனை வரையறுக்கிறது. தொல்காப்பியப் புறத்திணையியல் வாகைத் திணையில் முன்தேர்க் குரவையையும் பின்தேர்க் குரவையையும் கூறும். வெற்றியோடு திரும்புவோரைப் பறையொலியோடு எதிர்கொண்ட இஸ்ரவேல் பெண்களின் ஆடலோடு இவை ஒப்புநோக்கத்தக்கவை. திருமுருகாற்றுப்படையில் குன்றவர் தொண்டகப்பறைக்கு ஏற்பக் குரவையாடுகின்றனர். ஆழ்வார் பாசுரத்தில் கண்ணன் ஆய்ச்சியரோடு குரவையைக் ‘கோக்கிறான்’; பூவைக் கோப்பதற்குரிய வினை மனிதக் கைகளுக்கு வருகிறது. ஆடுவோர் ஒருவருக்கொருவர் கண்ணியாகும் நிலையை இவ்வினை காட்டுவதுபோல் ‘நடனம் செய்தல்’ காட்டாது.

இவையனைத்தினும் விரிவான சான்று சிலப்பதிகாரத்து மதுரைக் காண்டத்தின் ஆய்ச்சியர் குரவை. அக்காதை எவ்வாறு தொடங்குகிறது என்பதை ஒப்பியல் ஆய்வாளர் பலர் விரைந்து கடந்துவிடுகின்றனர். தொடக்கத்தில் மகிழ்ச்சி இல்லை. பிரைக்கு ஊற்றிய பால் தோயவில்லை; ஏற்றின் கண்ணில் நீர் சொரிகிறது; வெண்ணெய் உருகவில்லை; ஆவின் கழுத்து மணி நிலத்தில் விழுகிறது. வரப்போவது தீங்கு என்று உணர்ந்த மாதரி, கறவையும் கன்றும் துயர் நீங்குக எனக் குரவையாட முனைகிறாள். அச்சத்திலிருந்து எழும் வழிபாடு இது. கண்ணகி பார்த்திருக்கிறாள். அவளுக்கு நேர இருப்பதை அங்கு யாரும் அறியார்.

மாதரி வட்டத்தை அமைக்கும் முறை, கற்பித்தலின் ஆவணமாகவே நிற்கிறது. எழுவர் கன்னியருக்கும் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என இசையின் பெயர்களை இட்டு முறைப்படி நிறுத்துகிறாள். குரலாக நின்றவளை மாயவன் என்கிறாள். இளியை வெள்ளையன் பலராமன் என்கிறாள். துத்தத்தை நப்பின்னை என்கிறாள். ஒவ்வொருத்தியும் ஒரே நேரத்தில் ஊர்ப்பெண்ணாகவும் ஒரு சுரமாகவும் சிலர் தெய்வமாகவும் நிற்கின்றனர். வட்டமே யாழாகிறது. வெளியிலிருந்து வந்த ஆசிரியர் இல்லை. மூத்த இடைச்சி ஒருத்தி தன் மன்றத்தில் தன் மகளிரை நிறுத்துகிறாள். கற்றலும் வழிபடலும் அங்கு இரு வேறு நிகழ்ச்சிகள் அல்ல. பட்டறையில் அடவு பயின்று ஞாயிறன்று ஆடிக்காட்டும் முறையோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும்.

யெப்தாவின் மகளை இக்காதையின் அருகில் வைத்துப் படிக்கலாம். போரில் வென்றால் தன் வீட்டு வாயிலிலிருந்து முதலில் வருவதைப் பலியிடுவேன் என நேர்ந்துகொண்டவன் யெப்தா. பறையோடும் மெஹோலோத்தோடும் வாயிலைக் கடந்து வருபவள் அவன் ஒரே மகள். அவள் ஆடிவரும் கணமே அவள் சாவு உறுதியாகும் கணம். குரவை முடிந்தபின் மாதரி வையையில் நீராடச் செல்ல, கோவலன் கொலையுண்ட செய்தி ஆயர்பாடியை அடைகிறது. இரு பனுவல்களிலும் வட்ட ஆடல் பேரிழப்பின் வாசலில் நிற்கிறது. ஆடுவோர் அறியாததைக் கேட்போர் அறிவர். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. யெப்தாவின் மகள் ஏதும் அறியாது ஆடுகிறாள். மாதரியின் குரவை ஏதோ வருகிறது என்று அறிந்தே ஆடப்படுகிறது, எனினும் அதனைத் தடுக்கவில்லை. குரவை பயனற்றதாயிற்று என்று இளங்கோ எங்கும் கூறவில்லை. வழிபட்டோரைப் பழிக்காமல் அவர்தம் தோல்வியைக் காட்டும் இப்பக்குவம், தமிழ் வழிபாட்டு ஆடல் பற்றிய எந்த விவாதத்திலும் முன்வைக்கப்பட வேண்டியது. களிப்பை மட்டுமே வழிபாட்டு ஆடலின் பொருளாகக் கொள்ளும் இக்காலப் பயிற்சிகள் எபிரேய மூலத்தின் பாதியையும் இழக்கின்றன. புலம்பல் நூலின் இறுதி அதிகாரத்தில் மாஹோல் துக்கமாக மாறிய நாள் ஒன்றும் பேசப்படுகிறதே.

மொழிபெயர்ப்பாளர் குரவை என்றே எழுதியிருக்கலாமே என்று கேட்பதும் முழுமையான தீர்வன்று. 19ஆம் நூற்றாண்டிற்குள் குரவை என்பது புலவர் வழக்காகச் சுருங்கிவிட்டது. பேச்சு வழக்கில் பல ஊர்களில் அது பெண்கள் நாவசைத்து எழுப்பும் குலவை ஒலியையே குறித்தது. வாழும் சொல் கும்மி. அதனை எழுதும் துணிவுதான் வேண்டியிருந்தது.

பாட்டு உள்ளே, வட்டம் வெளியே

அத்துணிவு வேறொரு தளத்தில் இருக்கவே செய்தது. வீரமாமுனிவர் 1726இல் தேம்பாவணியை நிறைவுசெய்தவர் மட்டுமல்லர். மகளிர் பந்தாட்டப் பாட்டிலிருந்து வளர்ந்த அம்மானை வடிவில் கித்தேரியம்மாள் அம்மானையை இயற்றியவரும் அவரே. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சியைப் பாடினார். மூடப்பழக்கங்களைச் சாடிச் சாஸ்திரக் கும்மி எழுதினார். அம்மானை, குறவஞ்சி, கும்மி ஆகிய மூன்றும் பெண்களின் உடலசைவோடு பிறந்த அல்லது அதனைச் சார்ந்த வடிவங்கள். மூன்றும் கிறித்தவப் பொருளை ஏற்றன. ஆனால் கும்மியின் சந்தம் ஏட்டிற்கு வந்தபோது கையொலி ஏட்டிற்கு வரவில்லை. சாஸ்திரக் கும்மியில் ஒரு முரண்நகையும் உண்டு: பெண்கள் அம்மன் முன் பாடிய மெட்டைக் கொண்டே அவ்வழிபாட்டுலகைக் கண்டிக்கிறது அந்நூல். வடிவத்தின் ஆற்றலை ஆசிரியர் நன்கறிந்தார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

கிழக்கே தஞ்சை இவ்வாறிருக்க, மேற்கே கேரளத்தில் வேறு வழி திறந்திருந்தது. விளக்கைச் சுற்றிப் பன்னிருவர் ஆடும் மார்க்கங்களி, தோமாவின் கதையைப் பாடும் கிறித்தவ வட்ட ஆடலாக நிலைத்தது. கொச்சி யூதப் பெண்களோ எபிரேயத் தொழுகைக்கு உரியவராக இருந்தும் தம் பாட்டேடுகளை மலையாளத்தில் எழுதிக் காத்தனர். விவிலியக் கதைகள் அவர்தம் வாயில் மலையாளமாயின. எபிரேயத்தைப் பிறப்புரிமையாக உடையோரே தம் ஊர்மொழியில் பாடினர் என்பது இங்கே கருதத்தக்கது.

தமிழகத்தில் ஆடல் வழிபாட்டுவெளிக்கு வந்தபோது வந்தது பரதம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பண்பாட்டு ஏற்புக் கொள்கையை ஒட்டி, 1977இல் திருச்சிராப்பள்ளியில் தொடங்கப்பட்ட கலைக்காவிரி விவிலியப் பொருள்களைப் பரதத்தில் ஆக்கிப் பெரும்பணி செய்துள்ளது. அப்பணியின் மதிப்பைக் குறைக்காமலே ஒன்று கூறலாம்: அது நடனம், மாஹோல் அன்று. பயின்றவர் ஆட, சபையார் காண்கின்றனர். 1871இன் சொல் தேர்வும் 1977இன் கலைத் தேர்வும் ஒன்றுக்கொன்று காரணம் என்று கூறவியலாது. இரண்டிலும் ஒரே பார்வை உறைகிறது.

கைபிணைதல்

இதுவரை கூறியவற்றால், எபிரேய ஆடலை விடுத்துக் கும்மிக்குத் திரும்புவதே தக்கது என்னும் முடிவு தோன்றக்கூடும். அம்முடிவைத் தடுப்பது ஒரு சிறு உடற்செய்தி. குரவையில் கைகள் பிணைகின்றன. ஹோராவிலும் பிணைகின்றன. கும்மியில் பெரும்பாலும் ஒவ்வொருத்தியும் தன் கையைத் தானே தட்டுகிறாள். அடுத்தவள் கையோடு தட்டும் வகை உண்டெனினும் வட்டம் முழுவதும் கண்ணியாகக் கோக்கப்படுவதில்லை. அருகருகே நின்றும் தொடாமல் ஆடமுடிந்த வட்டம் அது. குரவை வழக்கிழந்து கும்மி நிலைத்ததற்குச் சாதியே காரணம் என்று நிறுவச் சான்று போதாது. ஆயினும் சாதி கெட்டிப்பட்ட ஊர்களில் இவ்வடிவம் இடையூறின்றி வாழ முடிந்தது என்பதைக் காணாதிருக்க முடியாது. ஊர்த்தெருவின் கும்மியும் சேரியின் கும்மியும் வேறுவேறு வட்டங்களாகவே இருந்தன.

தமிழ்த் திருச்சபையின் வரலாறு இக்கேள்வியை விட்டு விலகி நிற்கவில்லை. சாஸ்திரியார் வாழ்ந்த தஞ்சைச் சபையிலேயே தனித்தனி இருக்கையும் நற்கருணைக் கிண்ணமும் பெரும்பூசலாயின. 1833இல் ஆயர் தானியேல் வில்சன் சபைகளில் சாதி வேறுபாட்டைக் கைவிடப் பணித்தார். தமிழ்ப் பண்பாட்டு வடிவங்களின் பெருங்காவலரான சாஸ்திரியார் சாதி வழக்கங்களைக் காக்கும் தரப்பில் நின்றார். மண்ணின் வடிவத்தைக் காத்தவரும் சாதியைக் காத்தவரும் ஒருவராகவே இருந்த இந்நிலையை மண்வாசனை பேசும் திறனாய்வு எளிதில் மறந்துவிடுகிறது. ஒரு கிண்ணத்தில் குடிக்க மறுத்த சபையில் ஒருவர் கையை ஒருவர் பிடித்து ஆடுவது எவ்வாறு இயலும்? வட்டம் வாயிலுக்கு வெளியே நின்றதற்கு மிஷனெரியின் அருவருப்பை மட்டும் பொறுப்பாக்குவது பாதி உண்மையே.

இவ்வொளியில் எபிரேய ஆடலின் கவர்ச்சிக்கு வேறொரு பொருளும் உண்டு. அதற்குத் தமிழ்ச் சாதி நினைவு இல்லை. யார் எந்தத் தெருவில் ஆடியது என்னும் கறை அதில் படியவில்லை. அடுத்தவர் கையைப் பற்றாமல் அதனை ஆட இயலாது. அயல் வடிவம் என்பதாலேயே அது சில பெண்களுக்கு விடுதலையாகத் தோன்றினால், மண்ணின் மரபு பேசுவோர் அதனை இகழும் தகுதியைப் பெறவில்லை. மிஷ்னாவின் தாஅனித் பகுதி எருசலேம் மகளிரின் ஆடலைப் பற்றி ஒரு வழக்கத்தைப் பதிவுசெய்கிறது. ஆப் மாதத்துப் பதினைந்தாம் நாளிலும் பாவநிவாரண நாளிலும் திராட்சைத் தோட்டங்களில் ஆடச் செல்லும் பெண்கள் அனைவரும் வெள்ளாடையை இரவல் வாங்கியே உடுத்துவர். ஆடையில்லாதவள் வெட்கப்படக் கூடாது என்பது காரணம். உடையவளும் இரவல் வாங்க வேண்டும் என்பதில்தான் அவ்வழக்கத்தின் நுட்பம் உள்ளது. பட்டறைகளில் அடவுகளோடு இதுவும் கற்பிக்கப்படுமாயின் எபிரேயத்திடமிருந்து பெற்றது பெரிது.

மண்ணிலிருந்தே மறுமொழி தேடிய ஒருவரும் இருந்தார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய, பறட்டை என அறியப்பட்ட ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940–2005), கருநாடக இசைக் கீர்த்தனைகளின் மேட்டிமையை மறுத்து நாட்டார் இசையில் வழிபாட்டு முறைமையை அமைத்தார். பறையை அவர் ஒதுக்கவில்லை. நாட்டார் வடிவம் என்பதாலேயே ஒன்றை ஏற்கவும் இல்லை. ஒடுக்கும் கூறுகளைக் களைந்து, பாடுவோரே மாற்றிப் பாடத்தக்கதாக அதனைக் கொடுத்தார். பல வீட்டுச் சோற்றை ஒன்றாக்கி உண்ணும் ஒரே உலை அவர் இறையியலின் மையம். அதற்கு ஒப்பான ஆடல் கையொலிக் கும்மியாக மட்டும் இருக்கமுடியாது. சிலப்பதிகாரம் விட்டுச்சென்ற கோத்த கையும் அதில் வேண்டும். வெள்ளாற்றங்கரையின் ஒரு சபையில் பெண்கள் நாளை வட்டமாக நிற்பரேல், பாட்டு எம்மொழியது என்பதற்கு முன்னர் அவர்கள் முடிவுசெய்ய வேண்டியது, யாருக்கு அடுத்து யார் நிற்பது என்பது. மாதரியும் முதலில் செய்தது அதுவே.